கொல்லாத கையும் கொல்லும் கருவியும்

மீனைக் கொல்ல மனம் ஒப்பாதவர், அதனைக் கொல்லும் கருவியைச் செய்யலாமா?

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் பிரோரா என்னும் ஊருக்கருகே வாழ்ந்த மேகன் பாய்ட் அம்மையார் (1915–2001), தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் பட்டு நூலும் சுற்றிப் பொய்ப்பூச்சிகள் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர். சால்மன் மீன் அவற்றை நோக்கி மயங்கிக் கவ்வும். 1971-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கமும் அவரை அடைந்தது. ஆயினும் அவர் மீன் பிடித்ததில்லை. அவற்றைக் கொல்ல அவர் உள்ளம் இசையவில்லை.

அவ்விரக்கத்தைப் போற்றுகிறோம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றினாலும் வினை வந்து சேரும் என்பது நம் அறம். கொலைக் கருவிகளைப் பிறர்க்கு வழங்குதலை ஹிம்சாதானம் எனப் பெயரிட்டு, இல்லறத்தார் விலக்கத்தக்க அநர்த்த தண்டங்கள் ஐந்தனுள் ஒன்றாகச் சமந்தபத்திரர் வைத்தார்.

நயினார்கோவிலில் கடை வைத்திருக்கும் சிராவகர் ஒருவர், இராமநாதபுரக் கடற்கரையினர்க்குத் தூண்டில் முள் விற்க நேரினும் இதே வினா எழும். வயிற்றுப்பாட்டிற்காகக் கடலிற் செல்வோரை இகழ்தல் நம் நோக்கமன்று. நம் தொழிலை நாமே ஆராய்தல் வேண்டும் என்பதே கருத்து.

அம்மையாரின் இரக்கம் மெய்யானது. எனினும் அது அவர் கையளவில் நின்றது. நம் இரக்கமோ, நம் கைப்பொருள் சென்றடையும் இடம் வரை செல்லல் வேண்டும்.