தட்டில் நிற்கும் ஆல்

போன்சாய் என்பது குட்டையான தனி மர இனம் என்று நினைப்பவர் பலர். அப்படி ஓர் இனம் இல்லை. தில்லி ஜனக்புரியின் பூங்கா ஒன்றில் வானளாவி நிற்கும் ஆலும், அதற்கு எதிர்வீட்டு மாடியில் தட்டுக்குள் ஓரடி உயரத்தில் நிற்கும் ஆலும் ஒரே தாய்மரத்தின் வித்துகளாக இருக்கலாம். வித்தின் இயல்பு மாறுவதில்லை. வேருக்கு வகுத்த எல்லையும் கிளைக்குக் காட்டிய வழியுமே வேறு.

அந்த எல்லையும் வழியும் எப்படி வேலை செய்கின்றன? கிளையின் நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின், கீழுள்ள பக்கமொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கும். நுனியைக் கிள்ளினால் அவை விழிக்கும். ஒரு கிளை இரண்டாகும், இரண்டு நான்காகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, முதிர்ந்த வேர்களைக் குறைத்து, புது மண்ணில் வைப்பார்கள். வெட்டிய இடத்தில் மெல்லிய சல்லிவேர்கள் கிளம்பும். மரத்துக்கு உணவூட்டுபவை அவையே. காலப்போக்கில் இலை சிறுக்கும். பூவும் காயும் அந்த அளவுக்குச் சிறுப்பதில்லை. போன்சாய் மாதுளையில் காய்த்த ஒற்றைக் கனி கிளையையே வளைத்துவிடுவது இதனால்தான்.

அளவைச் சுருக்குவது மட்டும் கலையாகிவிடாது. சீனத்தில் கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த இளவரசர் சாங்ஹுவாய் கல்லறையின் சுவரோவியத்தில், சிறு பாறையும் செடியும் வைத்த தட்டை ஏந்திய பணியாளர் காணப்படுகிறார். அங்கே தட்டில் வைத்தது ஒரு நிலக்காட்சியை. ஜப்பானியர் பின்னர் தனிமரத்தின் மீது கருத்தைக் குவித்தார்கள். 1309-ஆம் ஆண்டின் காசுகா ஓவியச் சுருளில் தட்டு மரங்கள் இடம்பெறுகின்றன. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவை விட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925-இல் ஓமியாவில் தங்களுக்கென ஒரு சிற்றூரையே அமைத்தார்கள். அவர்களுடைய வடிவங்களில் பல, மலைச்சரிவில் பனியும் காற்றும் முறுக்கிய பைன் மரத்திடம் கற்றவை. அவர்கள் தட்டில் வைத்தது அந்த மலையில் கழிந்த காலத்தை.

தில்லியில் இக்கலைக்கு லோதி தோட்டத்திலேயே ஒரு தேசியப் பூங்கா உண்டு. எனினும் பைனின் சாயலை இந்தச் சமவெளியில் அப்படியே தேடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. மே, ஜூனில் வெயில் 40 பாகையைத் தாண்டும். லூ என்னும் அனல்காற்று ஆழமற்ற தட்டைச் சில மணி நேரத்தில் உலர்த்திவிடும். இருவேளை நீர் வேண்டும். இதைத் தாங்கும் மரங்கள் ஆல், அரசு, அத்தி முதலியவை.

அவற்றைத் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். ஜனக்புரியின் பழைய அடுக்குவீடுகளில், கைப்பிடிச் சுவரின் வெடிப்பிலோ கழிவுநீர்க் குழாயின் ஓரத்திலோ, பறவை எச்சத்தில் விழுந்த ஆலம்விதை முளைத்து நிற்கும். கைப்பிடி மண்கூட இல்லாத இடத்தில் பல ஆண்டு வாழ்ந்ததால் அதன் அடி பருத்து, வேர் செங்கல்லைத் தழுவிப் படர்ந்திருக்கும். போன்சாய் மரத்துக்கு இழைக்கும் கொடுமை என்பாருக்கு இந்த ஆலங்கன்றைக் காட்டுவேன். சுவரைப் பிளந்துவிடும் என்று எப்படியும் பிடுங்கப்படவிருந்த கன்று அது. செங்கல் சல்லி, மணல், மக்கிய சாணம் கலந்த தட்டில் அதற்கு முன்னைவிட நல்ல வாழ்வு கிடைக்கிறது.

ஆலின் முதுமை அடிமரத்தின் பருமனில் மட்டும் தெரிவதில்லை, விழுதில் தெரிகிறது. ஹௌரா தாவரவியல் தோட்டத்துப் பேராலின் அடிமரம் பூஞ்சை நோயால் 1925-இல் அகற்றப்பட்டது. மரம் இன்றும் விழுதுகளால் நிற்கிறது. அடையாற்று ஆலின் தாய்மரம் 1989-இல் சாய்ந்தும் அதன் விழுதுகள் தழைத்தன. ஆகவே விழுதில்லாத போன்சாய் ஆல் எவ்வளவு அழகாயிருந்தாலும் பாதி ஆல்தான். காற்றில் ஈரம் மிகும் ஆடி, ஆவணியில் கிளையிலிருந்து நூல்போல் விழுது எட்டிப் பார்க்கும். தில்லியில் அந்த ஈரம் நெடுநாள் நீடிக்காது. அதற்குள் விழுதைக் குளிர்பானம் உறிஞ்சும் குழலுக்குள் விட்டு, ஈரமண் நிரப்பி, தட்டு மண்வரை இறக்கிவிட வேண்டும். மண்ணைத் தொட்ட பிறகே அது பருக்கத் தொடங்கும்.