அருவியை நாடிச் செல்வது ஏன்?

மட்டாஞ்சேரியில் வாழ்பவர் தண்ணீரைப் பார்ப்பதற்காகப் பயணம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. காயல் ஏறக்குறைய வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. சில நாட்களில் வாசலைத் தாண்டி உள்ளேயும் வருகிறது. அப்படியிருந்தும், சென்ற ஆவணியில் அங்குள்ள தமிழ் அன்பர்கள் சிலர் வண்டி அமர்த்திக்கொண்டு, சுமார் எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதிரப்பள்ளி அருவியைக் காணப் புறப்பட்டனர். என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். அவர்களுள் ஒருவர், மிளகுக் கிடங்கில் நாற்பது ஆண்டுகள் நிறுவைக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். வழியில் அவர் கேட்டார்: "சுவாமிஜி, நம்மைச் சுற்றி இத்தனை தண்ணீர் இருக்கிறது. அதே தண்ணீர் மேலிருந்து கீழே விழுவதைப் பார்க்க ஏன் இவ்வளவு தூரம் போகிறோம்?"

வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆனால் உரிய விடை எனக்கு உடனே கிடைக்கவில்லை.

குளிர்ச்சிக்காக என்று சொல்லிவிடலாம். குற்றாலத்திற்கு அந்த விடை பொருந்தும். சாரல் காலத்தில் அங்கே செல்பவர் அருவியைப் பார்க்கவா போகிறார்? அதன் அடியில் தலையைக் கொடுக்கப் போகிறார். அதிரப்பள்ளியில் கூட்டம் பெரும்பாலும் தள்ளி நின்று பார்க்கிறது. நனைப்பது திவலை மட்டுமே. உயரத்திற்காக என்றால், அது ஏறத்தாழ எண்பது அடிதான். அதைவிட உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் கொச்சியில் பல உண்டு. அவற்றின் முன்னால் எவரும் வாயடைத்து நிற்பதில்லை.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் வியப்பை 'மருட்கை' என்கிறார். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது அவர் கருத்து. புதுமை இரண்டாம் முறை பார்க்கும்போதே தேய்ந்துவிடும். பெருமையைப் பற்றி இப்போதுதான் சொன்னேன். என்னைச் சிந்திக்க வைப்பது நான்காவதாகிய ஆக்கம், அதாவது ஒன்று வேறொன்றாக மாறுவது. மேலே பாறைகளுக்கிடையே பரந்து, அவசரமின்றி வரும் சாலக்குடி ஆறு விளிம்பைத் தொட்ட கணத்தில் ஆறாக இல்லை. வெண்மையாக, ஓசையாக, புகையாக ஆகிவிடுகிறது. கீழே போய் மறுபடியும் ஆறாகிறது. மாறியது எது, மாறாதது எது என்று தத்துவ வகுப்பில் ஓராண்டு பேசிய விஷயம், இங்கே கண்ணெதிரே இடைவிடாமல் நடந்துகொண்டிருக்கிறது.

மொழிபெயர்ப்பாளனாதலால் ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 'நீர்வீழ்ச்சி' என்னும் சொல்லில் ஒரு சரிவின் சாயல் இருக்கிறது. மலையாளத்தார் 'வெள்ளச்சாட்டம்' என்கின்றனர். நீரின் பாய்ச்சல் என்று பொருள். ஒரே நீர், நமக்கு விழுகிறது, அவர்களுக்குக் குதிக்கிறது. நமது பழைய 'அருவி' இவ்விரண்டில் எதையும் வெளிப்படச் சொல்வதில்லை. எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

ஜெர்மானிய தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், மனிதனைத் திகைக்கவைக்கும் இயற்கைப் பேராற்றல்களுள் ஒன்றாகப் பெரிய ஆற்றின் உயர்ந்த அருவியையும் சேர்த்துள்ளார். (தம் ஊரான கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு அவர் வெளியே சென்றதே இல்லை என்பது வேறு விஷயம்!) பாதுகாப்பான இடத்தில் நிற்பவனுக்கே அந்தத் திகைப்பு இன்பமாகும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. உண்மைதான். 2018 ஆகஸ்டில் இதே ஆறு சாலக்குடி நகருக்குள் புகுந்தபோது அதை ரசிப்பதற்கு எவரும் வண்டி அமர்த்தவில்லை. கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கோ வேலியும் இல்லை, பாதுகாப்பான மேடையும் இல்லை. விசுவரூபத்தைத் தானே விரும்பிக் கேட்டவன், கண்டதும் நடுங்கி, பழகிய வடிவத்தையே மீண்டும் காட்டுமாறு வேண்டுகிறான்.

வேலிக்கு இப்பால் நிற்கும் நமக்கு என்ன கிடைக்கிறது? பிறர் முன் சிறியவனாக்கப்பட்டால் நாம் அதை அவமானமாகக் கொள்கிறோம். அருவியின் முன் சிறியவனாவது மட்டும் ஏன் இனிக்கிறது? உடல் சிறுத்தாலும் தன் அறிவு இயற்கையினும் பெரிது என மனிதன் அங்கே உணர்கிறான் என்பார் காண்ட். எனக்கு அந்த விடையில் முழுத் திருப்தி இல்லை. அங்கே நின்றவர் முகங்களில் நான் வெற்றியைக் காணவில்லை; சுமை இறக்கியவனின் இளைப்பாறலைத்தான் கண்டேன். நாள் முழுவதும் 'நான், எனது' என்று தூக்கித் திரியும் ஒன்றுக்கு அங்கே வேலை இல்லை. அருவி நம்மைக் கேட்டு விழவில்லை. நாம் பாராட்டினால் அதிகமாகவும் விழாது.

அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நயாகராவை நினைத்துப் பாருங்கள். 1848 மார்ச் இறுதியில் ஈரி ஏரியின் வாயைப் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டதால் அருவி ஒரு நாளுக்கும் மேல் நின்றுபோனது. ஓசை அடங்கியதால் மக்கள் அச்சமுற்றனர். இன்று அதன் அளவே ஓர் ஒப்பந்தத்தில் அடங்கியிருக்கிறது. 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சுற்றுலாப் பருவத்தில் பகல் வேளையில் வினாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி நீர் விழவேண்டும். மற்ற நேரங்களில் அதில் பாதி போதும். மிஞ்சியது மின்சாரத்திற்கு. சுயமாக இயங்குவதன் முன் அகந்தையை இறக்கிவைக்கப் போகிறோம். அதுவோ நமது கால அட்டவணைப்படி நமக்காக இயக்கப்படுகிறது!

அதிரப்பள்ளியிலும் 163 மெகாவாட் மின்திட்டம் ஒன்று பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது. அருவிக்கென ஒரு பங்கு நீர் விடப்படும் என்று அதை ஆதரித்தவர்கள் கூறினர். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011-இல் அதனை அனுமதிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தின் மின்தேவை பொய்யன்று. நானும் இதை மின்விளக்கின் கீழேதான் எழுதுகிறேன். ஆயினும் 'பார்வையாளருக்குப் போதுமான நீர்' என்னும் பேச்சு என்னை உறுத்துகிறது. அந்தக் கணக்கில் நாம் மட்டுமே இருக்கிறோம். அக்கரையோர மரங்களில் கூடு கட்டும் இருவாச்சிப் பறவைகள் இல்லை. முந்தைய அணைகளால் ஏற்கெனவே இடம்பெயர்ந்த காடர் இன மக்களும் இல்லை. சிறியவனாகும் இன்பத்தை அனுபவிக்க வந்தவன், திரும்பும்போது அருவியைத் தன் அளவுக்குச் சிறிதாக்கிவிட்டுப் போனால், அவன் கொண்டது வியப்பா, வெறும் நுகர்ச்சியா? எறியப்பட்ட தண்ணீர்ப் புட்டிகளைக் கண்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது.

பெரியவர் கம்பிவேலியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். மாலையில் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது காவலாளியிடம், "இராத்திரியிலும் இப்படித்தான் விழுமா?" என்று கேட்டார். "மேலே பெரிங்ஙல்குத்து அணையில் திறந்துவிட்டால் நிறைய வரும்; இல்லையென்றால் குறையும்," என்றார் அவர். 1957 முதல் அப்படித்தான். பெரியவரின் முகம் சற்று வாடியது. வழியெல்லாம் அவர் பேசவில்லை.

மட்டாஞ்சேரியில் இறங்கியபோது இருட்டிவிட்டது. சாலக்குடி ஆறு பெரியாற்றுடன் கலந்து, கொச்சிக்கு வடக்கே காயலையும் கடலையும் அடைகிறது என்று வண்டியில் நான் சொல்லியிருந்தேன். அவர் படகுத்துறையில் நின்று அசையாத நீரைப் பார்த்தார்.

"இதில் அந்தத் தண்ணீர் எவ்வளவு இருக்கும், சுவாமிஜி?"

"கொஞ்சம் இருக்கும், ஐயா," என்றேன்.