ஐந்து பெற்றவளுக்கே ஆளில்லை

“ஒன்று போதும்” என்று நிறுத்திக்கொள்ளும் இளம் தம்பதிகளைத் திட்டுவது எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இப்போது நல்ல பொழுதுபோக்கு. கண்டியிலிருந்து தெல்தெனிய வருவதற்குள் பஸ்ஸில் ஒருவராவது ஆரம்பித்துவிடுவார். சியோல், சிங்கப்பூர் போன்ற பணக்கார ஊர்களின் வியாதி நமக்கும் தொற்றிவிட்டதாம்.

அந்த ஊர்களின் நிலைமை மோசம்தான். தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 2023இல் 0.72. வீட்டு விலையும் டியூஷன் காசும் கழுத்தைப் பிடிக்கின்றன. அரசாங்கம் எவ்வளவோ அள்ளிக் கொடுத்தும் அடுத்த வருடம் 0.75தான். ஆனால் அவர்களிடம் காசாவது இருக்கிறது. இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்கள் 2012இல் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. 2024 குடிசன மதிப்பீட்டில் பன்னிரண்டுக்கு மேல். நமக்குப் பணம் வருமுன் நரை வந்துவிட்டது.

1980களில் பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போனபோது சாமான் சுமந்து மேடேறிய இளசுகள்தான் இன்றைக்கு ஆஸ்பத்திரி கிளினிக் வரிசை. ஷொப்பிங் பைக்குள் மாத்திரையும், ஓரம் சுருண்ட கிளினிக் கொப்பியும். அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. ரங்கலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்தெடுத்து ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்தவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். ஒரு மகள் குவைத்தில். இன்னொருத்தி ஹட்டன் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனாள். மூன்றாமவள் சிங்கப்பூரில், படுக்கையில் கிடக்கும் ஒரு சீன மூதாட்டியைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டுகிறாள். “மருந்து போட்டீங்களாம்மா?” என்று தன் அம்மாவைக் கேட்பது வட்ஸ்அப்பில்.

பிள்ளை குறைந்த நகரம் எங்கள் பிள்ளையைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறது. மகள்மேல் எனக்குக் குறையில்லை; லயத்துக் கூரைத் தகரம் மாறியது அவள் காசில்தான். அம்மா வேலையை விட்டபோது வந்த ஈபிஎப் ஒரே தடவைக் காசு, மாதாமாதம் வரும் பென்ஷன் இல்லை. அது ஒரு கல்யாணத்தோடு கரைந்தது.

இப்போது கடைசி மகனோடு இருக்கிறார். மருமகள் பல்லேகலையில் கார்மென்ட் வேலைக்குப் போகிறாள். ஒரே பையன். இன்னொன்று வேண்டாமா என்று யாரோ கேட்டதற்கு அவள் பட்டென்று சொன்னாள்: “அஞ்சு பெத்த மாமிக்கே கிளினிக் கூட்டிட்டுப் போக ஆளில்ல. நான் ரெண்டு பெத்து என்ன காணப்போறேன்?”

இதில் சுயநலம் எங்கே இருக்கிறது? கண்ணெதிரே நடப்பதைப் பார்த்துப் போட்ட கணக்கு. கொழுந்துக்குப் போன மாமிக்குத் தோட்டத்தில் பிள்ளை மடுவமாவது இருந்தது. விடியற்காலையில் கம்பனி பஸ் ஏறும் மருமகளுக்கு மாமிதான் மடுவம். மாமியின் முழங்காலோ மாடிப்படி கண்டால் மறுக்கிறது.

மாமிக்கு மாதம் தவறாத ஒரு தொகையும், வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை விட ஓர் இடமும் வரட்டும். பிறகு வேண்டுமானால் அந்தப் பெண்ணிடம் இரண்டாவதைப் பற்றிப் பேசலாம். அதுவரை கேட்க எனக்கு வாய் வராது.