பத்தாயிரத்தில் ஒருவர்

தவறிப்போன ஓர் ஆட்டுக்காகத் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுச் சென்ற ஆயனின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், அந்த ஆயனின் கணக்கு எத்துணை விந்தையானது என்பது நமக்கு உறைப்பதில்லை. கணிப்பொறி உலகில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதனை நமக்கு மீண்டும் நினைவூட்டியது.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 இயங்குதளத்தின் புதிய பதிப்பொன்றை வெளியிட்டது. அதனை ஏற்றிய சிலருடைய கணிப்பொறிகளில் படங்களும் ஆவணங்களும் மறைந்துபோயின. ஆவணக் கோப்புறையை வேறிடத்திற்கு மாற்றிக்கொண்டோரின் கணிப்பொறியில், பழைய கோப்புறை வெறுங்கூடாகத் தங்கிவிடுவதுண்டு. இவ்வாறு வெற்றுக் கோப்புறைகள் இரட்டையாக நிற்பதாகப் பயனர்கள் முன்பே குறை கூறியிருந்தனர். அக்குறையைப் போக்கவே புதிய பதிப்பு பழைய கோப்புறையை அகற்றியது. உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. சிலர் தம் கோப்புகளை அங்கேயே விட்டுவைத்திருந்தனர்.

நிறுவனம் சில நாள்களிலேயே வெளியீட்டை நிறுத்தியது; பிழை திருத்தி நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் வெளியிட்டது. கோப்பிழந்ததாக வந்த முறையீடுகள், பதிப்பை ஏற்றியவர்களில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவே எனவும் தெரிவித்தது. கணக்கில் பொய்யில்லை. ஆனால் மறைந்த தந்தையின் ஒரே படத்தை அதில் வைத்திருந்த ஒருவருக்கு இக்கணக்கால் ஆவதென்ன?

நம்மை நின்று எண்ணச் செய்வது வேறொன்று. வெளியீட்டிற்கு முன்பே, முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களுள் சிலர் இவ்விழப்பை முறையிட்டிருந்தனர். ஆனால் முறையீடுகள் குவியும் இடத்தில், 'எமக்கும் அவ்வாறே' எனப் பலர் ஆதரவளித்தவையே மேலெழுந்தன. அரிதாக நேரும் துன்பத்திற்கு ஆதரவாளர் ஏது? அது அடியிலேயே கிடந்தது. இலட்சக்கணக்கான குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்பது மனிதர்க்கு இயலாது; எண்ணித்தான் ஆகவேண்டும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். எனினும் எண்ணிக்கை ஒன்றையே எடையாகக் கொள்ளலாமா? முறையிடுவோர் தம் பாதிப்பின் கடுமையையும் குறிப்பிடுவதற்கு அந்நிறுவனமே பின்னர் வழி செய்தது.

நம் பங்குப் பேரவையில், 'ஒரு வீட்டார்தானே சொல்கிறார்கள்' என்று நாம் கடந்து சென்ற முறையீடுகள் எத்தனை! அவ்வீட்டார் எதை இழந்தார்கள் என்று கேட்டோமா? பொறியாளர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை.

கோப்பிழந்தோரை நிறுவனம் ஒன்று கேட்டுக்கொண்டது: எங்களைத் தொடர்புகொள்ளுங்கள், அதுவரை கணிப்பொறியை இயன்றமட்டும் பயன்படுத்தாதிருங்கள். அழிக்கப்பட்ட கோப்பு வட்டிலிருந்து உடனே நீங்கிவிடுவதில்லை. அதன்மேல் புதிதாக வேறொன்று எழுதப்படும்வரை, மீட்டெடுக்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு.