சூரிய குண்டத்தில் வெந்த அரிசி

இருள் பிரியும் முன்பே ஜானகிசட்டியில் கிளம்பி, சுமார் 6 கி.மீ. மலையேறி யமுனோத்ரி சந்நிதியை அடைந்தோம். ஏறத்தாழ 10,800 அடி உயரம். யமுனையில் விரல் வைத்தால் மரத்துப் போகிறது. பக்கத்திலேயே சூரிய குண்டத்தில் வெந்நீர் கொதித்து ஆவி பறக்கிறது!

அரிசியைத் துணியில் முடிந்து குண்டத்தில் விட்டால் வெந்துவிடும். அதையே அன்னைக்குப் படைத்து, பிரசாதமாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

அரிசி வேகும் நேரத்தில் பண்டா கதை சொன்னார். சூரிய பகவானின் பிள்ளை யமன், பெண் யமுனை. ஒருநாள் தங்கை வீட்டில் விருந்துண்டு மனம் குளிர்ந்த யமன், 'இந்த நாளில் உன்னிடம் நீராடுவோருக்கு யம பயம் இல்லை' என்று வரம் தந்தான். தீபாவளியை ஒட்டி வரும் வளர்பிறை துவிதியையே அந்த நாள். குளிர்காலத்துக்காக இந்தக் கோயிலின் நடை சாத்தப்படுவதும் அன்றுதான்.

கேட்டுக்கொண்டிருந்த மாமி ஒருவர் கண் கலங்கினார். "சொத்துத் தகராறுல அண்ணாவோட பேசி ஆறு வருஷமாச்சு" என்றார். வெந்த அரிசியை இரண்டு பொட்டலமாகக் கட்டினார். "ஒண்ணு எங்காத்துக்கு. இன்னொண்ணு அண்ணாவுக்கு... நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போறேன்!"

கோபமும் இந்த வெந்நீர் போலத்தான். கை வைத்தால் சுடும். அரிசியை இட்டால் அன்னமாகும். உயிரை எடுக்கும் யமனையே தங்கை இட்ட ஒருவேளைச் சாப்பாடு குளிரவைத்தது என்றால், உங்கள் அண்ணன் எம்மாத்திரம்?

இந்தத் துவிதியைக்கு உடன்பிறந்தவரைச் சாப்பிட அழையுங்கள், சகோதரிகளே. யமுனா மாதா அருள்வாள்!