பதிவேடு யார் கையில்?

பிரான்ஸில் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொள்ள வரும் ஜோடியிடம், மேயர் அலுவலகத்தில் மணம் முடிந்ததற்கான சான்றைப் பங்குத்தந்தை கேட்டு வாங்குவார். அது இல்லாமலே வழக்கமாக மணச் சடங்கு நடத்திவந்தால் அவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 7,500 யூரோ வரை அபராதம். சட்டத்தின் கண்ணில் கல்யாணம் மேயர் முன்னால் நடப்பது மட்டும்தான்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். பிறப்பு, மணம், இறப்பு எல்லாம் பங்குக் கோவிலின் ஏட்டில்தான் ஏறும். 1787 வரை புராட்டஸ்டண்ட் தம்பதியருக்குச் சட்டப்படி மணமே இல்லை; பிள்ளைகள் முறைகேடானவர்கள். 1792 செப்டம்பர் 20 அன்று புரட்சி அரசு அந்த ஏடுகளை நகராட்சிக்கு மாற்றியது. அரசும் திருச்சபையும் பிரிந்த ஆண்டு 1905 என்று பாடப்புத்தகம் சொல்லும். கல்யாணத்தில் அந்தப் பிரிவினை 113 ஆண்டு மூத்தது. அல்சாஸ், மோசெல் பகுதிகளில் 1905 சட்டம் செல்லாது, குருமாருக்கு இன்றும் அரசுச் சம்பளம். பதிவேடு மட்டும் அங்கேயும் மேயரிடம்தான்.

அதனால்தான் 2013இல் நீதி அமைச்சர் கிறிஸ்தியான் தொபிரா தன்பாலினத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, லட்சக்கணக்கானோர் எதிர்த்து ஊர்வலம் போனாலும், தேவாலய மணத்தைப் பற்றி அதில் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. மனசாட்சி விலக்குக் கேட்டவர்கள் மேயர்கள். அரசியல் சாசன மன்றம் அக்டோபரில் மறுத்துவிட்டது.

திருச்சபை அரசோடு பிணைந்திருக்கும் நாடுகளில் இது இவ்வளவு லேசாக முடியவில்லை. டென்மார்க் நாடாளுமன்றம் 2012இல் அரசுத் திருச்சபையின் கதவைத் தன்பாலின ஜோடிகளுக்குத் திறந்துவிட்டது. விருப்பமில்லாத குரு மறுக்கலாம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பங்கு எல்லைக்குள் வசிப்பவருக்கு மணம் நடத்திவைப்பது ஆங்கிலிக்கக் குருவின் சட்டக் கடமை. அந்தக் கடமை தன்பாலின ஜோடிகளுக்குப் பொருந்தாது என்று 2013 சட்டத்திலேயே தனியாக எழுதிப் பூட்ட வேண்டியிருந்தது. திறந்ததும் பூட்டியதும் நாடாளுமன்றச் சட்டமே. பிரிவினையால் நஷ்டம் திருச்சபைக்கு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு நாடுகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.

2013 மே 29, மோன்பெலியே நகர மண்டபம். பிரான்ஸின் முதல் தன்பாலினத் திருமணம். மேயர் எலேன் மாந்த்ரூ, வழக்கம்போல, சிவில் சட்டத்தின் 212ஆம் பிரிவை வாசித்தார்: மணந்தவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதை, உண்மை, உதவி, துணை தரக் கடமைப்பட்டவர்கள். எல்லா ஜோடிக்கும் வாசிக்கப்படும் பிரிவுதான் அது. கணவன், மனைவி என்ற சொற்கள் அதில் இல்லை.