கடன் யார் மீது?

புதுவை குருசுக்குப்பத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் வங்கக் கடல். அதற்கப்பால் பர்மா, சயாம், மலாயா. பிழைப்புத் தேடி அக்கரை சென்ற தமிழரில் ஊர் திரும்பாதவர் ஏராளம். அவர்களில் ஒரு கூட்டத்தாரைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

1942-ல் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஜப்பானியர் பிடித்தனர். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பிறகு வளைத்துப் பிடித்தனர். ரப்பர்த் தோட்டத் தமிழரோடு மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியரும் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தனர். முஸ்லிம்களும் அவர்களில் பலர்.

மூங்கில் பரண், ஒழுகும் கீற்றுக் கூரை, அரை வயிற்றுச் சோறு, ஓயாத வேலை: இதுவே முகாம் வாழ்க்கை. போர்க் கைதிகளான வெள்ளையரிடையே டாக்டர்களாவது இருந்தனர். கூலிகளுக்கு அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தது. ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். குளிப்பாட்டலும் கபனும் ஏது? பலரை ஒரே குழியில் தள்ளினர்.

ஹிஜ்ரி 1362 ரமலான் வந்தது அந்த 1943 செப்டம்பரில்தான். நோன்பு நோற்க இயலாமல், களாச் செய்யவும் வாழ்நாள் கிடைக்காமல் இறந்தவர் அல்லாஹ்விடம் கடனாளியா? இல்லை. தடங்கல் நீங்குமுன்பே மவுத்தானவர் மீது குற்றமில்லை என்பது நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். வயிற்று நோயால் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் கூலி உண்டென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியுள்ளார்கள்.

அப்படியானால் கடன் யார் மீது? மையித்தை அடக்குவது பர்ளு கிஃபாயா. சிலர் செய்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும்; இயன்றவர் எவருமே செய்யாவிட்டால் அத்தனை பேரும் குற்றவாளிகள். எழுந்து நிற்கவே தெம்பில்லாத முகாம்வாசி தப்பினார். இயன்றும் செய்யாதவர் தப்பவில்லை.

"இறந்த தமிழரில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தார் அல்லரே?" என்று சிலர் கேட்கலாம். ஒரு யூதரின் ஜனாஸா கடந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதர் எனத் தோழர்கள் நினைவூட்ட, அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் பதிலளித்தார்கள். இதற்குமேல் நமக்கு என்ன சான்று வேண்டும்?

சயாமில் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள் அடங்கியுள்ளனர். பெயர் பொறித்த கற்கள். பார்த்துப் பார்த்துப் பேணுகிறார்கள். நம் கூலிகளுக்கோ பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை.

சகோதரர்களே, தாய்மார்களே! அக்கரை போய்த் திரும்பாதவர் நம் குடும்பத்தில் உண்டா? மூத்தவர்களிடம் கேட்டு அவர் பெயரை எழுதி வைப்போம். பாத்திஹா ஓதும்போது அந்தப் பெயரையும் சேர்ப்போம். அவர் பேரால் ஓர் ஏழைக்குச் சோறிடுவோம்.

இன்னொன்றும் உண்டு. பிழைக்க வந்த வெளியூர்க் கூலியொருவர் நாளை நம் தெருவில் கேட்பாரற்று இறந்து கிடக்கலாம். அவருடைய ஊரையும் உறவினரையும் விசாரித்து, அவரவர் முறைப்படி கண்ணியமாக அனுப்பி வைப்பது அருகிலிருக்கும் நம் பொறுப்பு. "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று கதவைச் சாத்தினால், முகாமில் நடந்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வல்ல ரஹ்மான் அந்த மறைந்தோரின் சிரமங்களை ஏற்று, நம் மறதியை மன்னிப்பானாக! ஆமீன்.